மயில்சாமி அண்ணன் திருத்திய நாடு

1

பிப்ரவரி பதினேழாம் தேதி எங்கள் ஃபேக்டரிக்கு லீவு. ஒரே ஒரு நாள்தான். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் வரப்போகும் லீவைப் பற்றிப் பேச முன்னால் ஒரு நாள் காபிக்கடையில் உட்காருவார்கள், முடிந்த லீவைப் பற்றிப் பேசப் பின்னால் ஒரு நாள் உட்காருவார்கள். ஷிப்மென்ட் தேதியை நெஞ்சில் சுமந்துகொண்டு திரிகிற என்னைப் போன்ற திருப்பூர்க்காரனுக்கு அந்த மூன்று நாளும் வயிறு எரியும். இந்த வருஷம் எரியவில்லை. அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது கொசோவோவில், பிரிஸ்ரன் என்கிற ஊரில். பனியன் தைக்கும் ஃபேக்டரியில் புரொடக்‌ஷன் மேனேஜர். கொசோவோ எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. வேலைக்கு ஆர்டர் வந்த அன்றைக்கு நானும் மேப்பைத் திறந்துதான் தேடினேன். ஐரோப்பாவில், அல்பேனியாவுக்கும் செர்பியாவுக்கும் நடுவில், திருப்பூர் ஜில்லாவையும் கோவை ஜில்லாவையும் ஒட்டி வைத்தால் வருகிற அளவில் ஒரு நாடு. செர்பியாவிலிருந்து பிரிந்து வந்தது. உலகத்தில் பாதிப் பேர் இதை நாடு என்று ஒத்துக்கொண்டாயிற்று. மீதிப் பேர் இன்னும் இல்லை. நம் இந்தியா அந்த மீதியில் இருக்கிறது.

இதனால் எனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டால், பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை, சின்னச் சின்னதாக ஆயிரம் இருக்கிறது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் இன்னொரு நாட்டுக்குப் போக வேண்டும். அந்த நாட்டுக்குப் போக விசா வேண்டும். விசா கேட்டால் பாஸ்போர்ட்டில் தேதி போதாது என்பார்கள். போன வருஷம் திருப்பூரில் என் கணக்கு இருக்கும் பேங்குக்குப் போன் செய்து, விலாசத்தை மாற்றச் சொன்னேன். அந்தப் பெண் ரொம்ப மரியாதையானவள்.

"சார், நீங்க சொல்ற நாடு லிஸ்ட்லயே வரலீங்க சார். கிரிபாட்டி இருக்குதுங்க, அப்புறம் கொரியா, அப்புறம் குவைத்துங்க. நடுவுல ஒண்ணுமில்லீங்க."

"அம்மணி, நான் இங்க நிக்கிறேனுங்க. காலுக்குக் கீழ தரை இருக்குதுங்க."

"அது சரிதானுங்க சார். கொரியான்னு போட்டுரட்டுங்களா?"

அந்த பேங்கைப் பொறுத்தவரை நான் இன்றைக்கும் கொரியாவில்தான் குடியிருக்கிறேன்.

2

நாடு என்னவோ அருமையான நாடு. மலை, ஆறு, ஆற்றின் மேல் கல்பாலம், பாலத்தின் இரண்டு பக்கமும் காபிக்கடை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த ஒரு பழக்கத்துக்காகவே என் மனைவி தாரணி இந்த ஊரை மன்னித்துவிட்டாள். நாங்கள் இந்தியா என்று தெரிந்தால் வயசான அம்மாக்கள் கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுப்பார்கள். நம் ஊர் சீரியல்களை அல்பேனிய எழுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். "அந்தப் பெண்ணை மாமியார் கடைசியில் ஏற்றுக்கொண்டாளா இல்லையா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். ஃபேக்டரியில் லைன் நின்று கிடக்கும்போது இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

பாஷைதான் படாத பாடு படுத்துகிறது. இங்கே 'ஆமாம்' என்பதற்கு 'போ' என்று சொல்லுவார்கள். வந்த புதிதில் பக்கத்து வீட்டம்மாவிடம் தாரணி கொத்தமல்லி எங்கே கிடைக்கும் என்று கையைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். அந்தம்மா சிரித்த முகத்தோடு "போ, போ, போ" என்றிருக்கிறார். இவள் முகம் சிவந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். "ஏனுங்க, கொத்தமல்லி கேட்டதுக்கு இப்படித் தொரத்துவாங்களா?" அதற்குள் அந்தம்மா ஒரு கட்டுக் கொத்தமல்லியோடு பின்னாலேயே வந்து கதவைத் தட்டினார்.

எனக்குப் பதினேழு வராது. அவர்கள் பாஷையில் பதினேழு என்பது ஷ்தாதம்ப்தியேத். பிப்ரவரி என்பது ஷ்குர்த். சுதந்திர தினத்தைச் சொல்ல வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் தையல் மெஷினில் நூல் சிக்கின மாதிரி இருக்கும் என்று லைனில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். அதற்குப் பதிலாக, அவர்களுக்கு என் மகள் பெயர் வராது. மகிழ் என்கிற பெயரில் கடைசி எழுத்தை விட்டுவிட்டு 'மஹி' என்கிறார்கள். கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

மகிழுக்கு எட்டு வயசு. கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். கனவில்கூட அல்பேனிய மொழியில்தான் உளறுகிறாள். தமிழில் கேட்டால் அல்பேனிய மொழியில் பதில் வரும். சாயங்காலம் சோறு ஊட்டும்போது தாரணி கதை சொல்லுவாள்: சூரன் மரமாகி நின்றது, முருகன் கோவித்துக்கொண்டு பழனிக்குப் போனது எல்லாம். அந்த நேரத்தில் இவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டைப் பார்த்தபடி இருப்பாள். "செவுத்துக்கிட்டப் பேசறாப்ல இருக்குதுங்க" என்று தாரணி சொல்லுவாள். சொல்லிவிட்டு அடுத்த நாளும் சொல்லுவாள். எனக்கு மனசு வலிக்கும். வலிக்கிறது என்று யாரிடமும் சொன்னதில்லை, இப்போது உங்களிடம் சொல்லுகிறேன்.

3

ஜனவரியில் ஒரு நாள் மகிழ் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். சுதந்திர தினத்துக்கு ஊர்ச் சதுக்கத்தில் பிள்ளைகள் ஊர்வலம் போய்ப் பாட்டுப் பாடுவார்கள். அதற்காக வகுப்பில் டீச்சர் ஒரு உலக மேப்பை மாட்டி, கொசோவோவை ஒத்துக்கொண்ட நாடுகளுக்கெல்லாம் பிள்ளைகளை நீல வர்ணம் பூசச் சொல்லியிருக்கிறார். பக்கத்து பெஞ்சுத் தோழி எரா ஆசையோடு இந்தியாவுக்குப் பிரஷ்ஷைக் கொண்டு போயிருக்கிறாள். டீச்சர் மெதுவாக, "அது வேண்டாம் எரா" என்றிருக்கிறார்.

"அவ்வளவு பெருசா இருக்குதுப்பா, வெள்ளையா. எல்லாரும் என்னையப் பாத்தாங்க. 'உங்க நாடு எங்களை ஏன் ஒத்துக்கல'ன்னு எரா கேட்டா."

"நீ என்ன சொன்ன கண்ணு?"

"எங்கப்பாவைக் கேட்டுச் சொல்றேன்னேன்."

நான் என்னத்தைச் சொல்ல? டெல்லிக்கு ஆயிரம் காரணம் இருக்கும். அதையெல்லாம் எட்டு வயசுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்லுவது? ஆனால் அழுகிற பிள்ளைக்கு முன்னால் சும்மா நிற்கவும் முடியவில்லை. திருப்பூர்க்காரனுக்கு எந்தக் கஷ்டத்துக்கும் தெரிந்த மருந்து ஒன்றுதான். வாய் தானாகச் சொல்லிவிட்டது: "ஊர்வலத்துக்கு உங்க கிளாஸுக்கே டீ-ஷர்ட் போட்டுரலாம். கொடி அச்சடிச்சு. நம்ம திருப்பூர்ல இருந்து வரும். எராகிட்டப் போய்ச் சொல்லு."

அவள் மறுநாள் சொல்லிவிட்டாள். எராவிடம் மட்டும் இல்லை, வகுப்பு முழுக்க, டீச்சரிடம், வாசலில் நிற்கும் காவல்காரரிடம் வரைக்கும். டீச்சர் எனக்குப் போன் செய்து நன்றி சொன்னார். வேறு டிரஸ் ஏற்பாடு செய்ய வேண்டாம் என்று மற்ற பெற்றோர்களிடமும் சொல்லிவிட்டாராம். இனிமேல் பின்வாங்க முடியாது.

எங்கள் ஃபேக்டரியில் தையல் மட்டும்தான், அச்சடிக்கிற வசதி கிடையாது. திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டில் என் தம்பி ரவி ஒரு பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறான். அவனைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்ணா."

"ரவி, புள்ளைங்க டீ-ஷர்ட் கொஞ்சம் வேணும்டா. நீலத் துணி. மேல வளைவா ஆறு வெள்ளை நட்சத்திரம், அதுக்குக் கீழ தங்கக் கலர்ல நாட்டோட மேப்பு. டிசைன் அனுப்பறேன். சைஸு பன்னெண்டு வயசு, பதினாலு வயசு."

"பாப்பாவுக்கு எட்டுத்தானுங்ணா ஆகுது? அங்கத்த புள்ளைங்க அத்தனை தாட்டியமா இருக்குமுங்களா?"

"பிப்ரவரியில பனி பெய்யும்டா. ஜாக்கெட்டுக்கு மேல மாட்டோணும்."

"சரிங்ணா. தைப்பூச ஆர்டர் தலைக்கு மேல கெடக்குது. நடுவுல சொருகிப் போடறேன்."

தைப்பூசம் என்றதும் எனக்கு மூக்கில் பிரிண்டிங் மை வாசம் அடித்தது. தை பிறந்துவிட்டால் திருப்பூரில் பிரிண்டிங் டேபிள் எல்லாம் முருகனுக்குத்தான். பழனிக்கு நடக்கிற ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கலர், ஒரு பெயர், நெஞ்சில் ஒரு வேல். தாரணிக்கு ஊர் மடத்துக்குளம், பழனி போகிற ரோட்டின் மேலேயே வீடு. கல்யாணம் ஆன புதிதில் மாமனார் வீட்டு வாசலில் நின்று நடந்து வருகிறவர்களுக்கு மோர் ஊற்றுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நான் டம்ளரைப் பார்க்கவில்லை, நெஞ்சைத்தான் பார்த்தேன். இது யார் யூனிட் பிரிண்ட், இது ஒரு தண்ணிக்குத் தாங்காது, இந்த வேல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று. "மாப்பிள்ளைக்கு பக்தி ஜாஸ்தி, வேலையே பாத்துட்டு நிக்கிறாரு" என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்.

4

சாம்பிள் போட்டோ ஒரு வாரத்தில் வந்தது. நட்சத்திரம் ஆறும் சுத்தமாக இருந்தது, மேப்பும் அச்சு அசலாக இருந்தது. வடக்கே தூக்கிக்கொண்டு, மேற்கே பிதுங்கி, கீழே கூம்பி, எந்தப் பக்கம் எவ்வளவு கோணலோ அந்தப் பக்கம் அவ்வளவு கோணல். மகிழ் போனைப் பிடுங்கி உற்றுப் பார்த்துவிட்டு 'போ' என்றாள், அதாவது சரி. நான் ஓகே கொடுத்தேன்.

அனுப்புவதில்தான் அடுத்த வேடிக்கை. கூரியர் கடையிலிருந்து ரவி கூப்பிட்டான்.

"அண்ணா, லிஸ்ட்ல நாடு இல்லீங்ணா. செர்பியான்னு போட்டுக்கலாமான்னு கேக்கறாரு."

"ஐயோ, வேண்டவே வேண்டாம்டா! போட்டீன்னா அது அங்கயே கெடக்கும். சுதந்திரக் கொடிய அவங்க வழியாவா அனுப்பறது?"

"பின்ன என்னுங்ணா பண்றது?"

கடைசியில் அல்பேனியாவில் எங்களுக்கு நூல் சப்ளை செய்கிறவரின் விலாசத்தைக் கொடுத்தேன். அங்கே இறங்கி, நூல் லாரியில் ஏறி, மலையைத் தாண்டி, லீவுக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் பெட்டி வந்து சேர்ந்தது. மகிழ் காலையிலிருந்து ஜன்னலை விட்டு நகரவில்லை. கத்தரியை அவளே எடுத்து வந்தாள். நான் டேப்பை வெட்டி, மேலே இருந்த கவரைப் பிரித்து, ஒரு சட்டையை விரித்துப் பிடித்தேன்.

தாரணி சட்டென்று இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள்.

ஏன் கும்பிடுகிறாள் என்று நான் சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். நீலத் துணி. மேலே வளைவாக ஆறு வெள்ளை நட்சத்திரம். கீழே தங்க நிறத்தில் பளபளவென்று ஒரு வேல். இலை மாதிரி இரண்டு பக்கமும் அளவெடுத்த வளைவு, உச்சியில் கூர், நடுவில் விபூதிப் பட்டைக்கு மூன்று கோடு விட்டு, நடுக்கோட்டில் ஒரு பொட்டு. பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினேன். எல்லாமே வேல்.

தாரணிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் மகிழின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்பா, நாடு எங்கப்பா?" என்றாள் மகிழ். தமிழில்தான் கேட்டாள்.

5

ரவிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. யூனிட் போனுக்குப் போட்டேன். எடுத்தவர் மயில்சாமி அண்ணன், எங்கள் பிரிண்டிங் மாஸ்டர். எங்கள் அப்பா காலத்திலிருந்து இருக்கிறவர். வருஷா வருஷம் திருப்பூரிலிருந்து பழனிக்கு நடக்கிற குழுவுக்குத் தலைவர். அவர் முந்திக்கொண்டார்.

"ஏனுங் தம்பி, பார்சல் வந்துருச்சுங்களா? வேல் எப்படி உழுந்திருக்குது, பாத்தீங்களா?"

"பாத்தேனுங்ணா" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். "சாம்பிள்ல வேற மாதிரி இருந்துச்சுங்களே?"

"அதை ஏனுங் கேக்கறீங்க! அந்த கம்ப்யூட்டர்ல ஒக்காந்திருக்கிற புள்ளைக்கு ஒண்ணுந் தெரீலீங்க. ஒரு பக்கம் தூக்கீட்டு, ஒரு பக்கம் பிதுங்கீட்டு, கோணல்மாணலா ஒரு வேலப் போட்டு வெச்சிருக்குது. மேல பாத்தா ஆறு நட்சத்திரம். கார்த்திகைப் பொண்ணுக ஆறு பேரு! அத்தனை அளகா நட்சத்திரத்தப் போட்டுட்டு வேல இப்படி விடலாமுங்களா? தம்பி அத்தனை தொலவுல இருந்து முருகனுக்கு ஆசைப்பட்டுக் கேட்டிருக்கறீங்க. எனக்கு மனசு கேக்கலீங்க. ரவி முந்தியே பழனிக்கு நடக்கப் போயிட்டாப்ல, எங்க குழு கெளம்பறதுக்குள்ள நானே ஒக்காந்து கையில வரைஞ்சு ஸ்கிரீன மாத்திப் போட்டேன்."

"அண்ணா, அது வேல் இல்லீங்க. நாடு."

டேபிளை நிறுத்தச் சொல்லி யாருக்கோ குரல் கொடுத்துவிட்டு வந்தார்.

"நாடுங்களா? நாடு இத்தனை கோணலாவா இருக்கும்?"

"எல்லா நாடும் கோணல்தானுங்ணா!"

கத்திவிட்டேன். அவர் பதறிப்போய், "தம்பி, தம்பி, இப்ப என்னுங்க பண்றது? பொளுதுக்குள்ள திருப்பிப் போட்டு அனுப்பட்டுங்களா?" என்றார். ஒரு ராத்திரியில் திருப்பூரிலிருந்து பிரிஸ்ரன் வர அந்த முருகனின் மயில்தான் வேண்டும். அவர் அப்படிக் கேட்டதும் எனக்குக் கோபம் போய்விட்டது, பயம் மட்டும் மிச்சம் இருந்தது. இந்த மேப்பு இவர்களுக்கு விளையாட்டு இல்லை. இதில் ஒரு விரல் அகலம் குறைந்தாலும் சண்டை வரும்; வடக்கு மூலையைப் பற்றித்தான் செர்பியாவோடு இன்றைக்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது. மயில்சாமி அண்ணன் அந்த வடக்கு மூலையை அப்படியே வழித்து எடுத்துவிட்டுக் கூராக்கி வைத்திருக்கிறார். போதாததற்கு, பெரும்பாலும் முஸ்லிம்கள் இருக்கிற ஊரில் இன்னொரு சாமியின் ஆயுதத்தைப் பிள்ளைகள் நெஞ்சில் குத்தியாயிற்று. ஏற்கெனவே நாட்டை ஒத்துக்கொள்ளாத ஊர்க்காரன், இப்போது நாட்டையே அழித்துக் கொண்டு வந்திருக்கிறான் என்றால் என் பிள்ளையை யார் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்கள்?

"எராகிட்ட நான் என்ன சொல்றது?" என்று மகிழ் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள்.

6

மறுநாள் காலையில் ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகிழோடு பள்ளிக்கூடம் போனேன். வாசல் காவல்காரர் பெட்டியைப் பார்த்ததும் கைதட்டினார். எனக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போல் இருந்தது.

மகிழின் வகுப்பு டீச்சர் வியோசா ஒரு சட்டையை எடுத்து விரித்தார். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். எரா முதல் பெஞ்சில் நின்றாள்.

"அழகான துணி" என்றார் டீச்சர். அப்புறம், "இது என்ன?" என்றார்.

நான் விளக்க ஆரம்பித்தேன். வேல் என்பதற்கு அல்பேனிய மொழியில் என்ன சொல்லுவது என்று தெரியவில்லை. கையை ஓங்கி எறிவது மாதிரி காட்டினேன். முன் பெஞ்சுப் பிள்ளைகள் குனிந்துகொண்டார்கள். டீச்சர் ஒரு அடி பின்னால் போனார். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, வெளியே பனி.

அப்போது மகிழ் என் கையைக் கீழே இழுத்துவிட்டு முன்னால் போய் நின்றாள். அவள் பேசியதில் எனக்குப் பாதி புரிந்தது, பாதியை அவளே அப்புறம் சொன்னாள்.

"இதை அச்சடித்தவர் பேர் மயில்சாமி. அவருக்கு நம்ம நாட்டைத் தெரியாது. அவர் நட்சத்திரத்தை எண்ணினார், ஆறு இருந்தது. எங்க ஊரில் ஆறு நட்சத்திரம் என்றால் அது ஆறு அம்மா. வானத்தில் இருக்கிறார்கள். ஒரு குளத்தில் குழந்தை கிடந்தது. அது யாருடைய குழந்தை என்று அவர்கள் சண்டை போடவில்லை. ஆறு பேரும் சேர்ந்து எடுத்து வளர்த்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கொஞ்ச வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கு ஆறு முகம் வந்தது. அவன் கையில் இருப்பது இது. அதனால் அவர் நம்ம மேப்பை இதுவென்று நினைத்து, கோணலாக இருக்கிறதே என்று ஆசையாகத் திருத்திவிட்டார்."

தாரணி செவுத்துக்கிட்டப் பேசியதெல்லாம் இந்தப் பிள்ளைக்குள் ஒரு சொட்டு சிந்தாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஹெட்போனுக்குள் பாட்டே ஓடவில்லை போலிருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பனியில் மூக்கு ஒழுகுகிறது என்று கைக்குட்டையை எடுத்துக்கொண்டேன்.

டீச்சர் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நாட்டுக் கொடியில் ஆறு நட்சத்திரம் ஏன் இருக்கிறது என்பது இங்கே முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அல்பேனியர், செர்பியர், துருக்கியர், போஸ்னியர், ரோமா, கொரானி என்று இந்த மண்ணில் வாழ்கிற ஆறு ஜனங்களுக்கு ஆளுக்கு ஒன்று.

"ஆறு பேர், ஒரு குழந்தை" என்றார் டீச்சர். "நாங்களும் அதைத்தான் செய்யப் பார்க்கிறோம். ஆனால் உங்கள் ஆறு பேர் சண்டை போடவில்லை என்கிறாளே, அதுதான் என்னால் நம்ப முடியவில்லை." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அப்புறம் கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "ஆனால் மேப்பு இல்லாமல் இதைப் பிள்ளைகளுக்குப் போட முடியாது. நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது."

"இல்லை, இல்லை" என்றேன்.

"மேப்பை நாங்களே போட்டுக்கொள்கிறோம்" என்றது ஒரு குரல். எராதான்.

அரை மணி நேரத்தில் வகுப்பு முழுக்க மஞ்சள். துணியில் குறி போட வைத்திருந்த வர்ணத்தை எங்கள் ஃபேக்டரியிலிருந்து நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். சுவரில் இருந்த மேப்பைப் பார்த்து, வேலைச் சுற்றி ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் நாட்டின் எல்லையை வரைந்து உள்ளே நிரப்பியது. ஒருத்தன் நாடு குண்டாக இருந்தது, ஒருத்தி நாடு ஒல்லியாக இருந்தது. வடக்கு மூலையை எல்லாரும் மறக்காமல் போட்டார்கள். எரா உற்சாகத்தில் கை நிற்காமல் போய்விட்டாள்.

"எரா, அது மாசிடோனியா!" என்றார் டீச்சர். "திருப்பிக் கொடுத்துவிடு, அவர்கள் நம்மை ஒத்துக்கொண்டவர்கள்."

7

பதினேழாம் தேதி வெயிலும் பனியும் சேர்ந்தே இருந்தன. ஊரெல்லாம் நீலக் கொடி, கூடவே அல்பேனியச் சிவப்புக் கொடி, தோளில் குழந்தை, கையில் காபி. ஜாக்கெட்டுக்கு மேல் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் பிள்ளைகள் கல்பாலத்தைத் தாண்டி வந்தார்கள். சைஸ் சரியாக உட்கார்ந்திருந்தது. அந்தத் திருப்தியை நான் சொல்லாமல் இருக்க முடியாது. பிள்ளைகள் பூசியது சாதா மஞ்சள், மயில்சாமி அண்ணன் போட்டது தங்க மை. வெயில் பட்டபோது ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் ஒரு வேல் தனியாக மின்னியது. தாரணி கூட்டத்துக்கு நடுவில் மறுபடியும் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற கொத்தமல்லி அம்மா, அதுதான் எங்கள் ஊரில் சுதந்திர தினத்துக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டு தானும் கைகூப்பினார்.

மகிழும் எராவும் கையைக் கோத்துக்கொண்டு பாடிக்கொண்டு போனார்கள். நான் தொண்டை கிழிய "ஷ்தாதம்ப்தியேத் ஷ்குர்த்!" என்று கத்தினேன். முதல் தடவையாகச் சிக்காமல் வந்தது. எங்கள் ஃபேக்டரிப் பெண்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து விசில் அடித்தார்கள்.

போட்டோவை ரவிக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் மயில்சாமி அண்ணனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "தம்பி, பாத்தனுங்க. எனக்குப் பேச்சே வரலீங்க. டெல்லிக்காரங்க ஒத்துக்கறப்ப ஒத்துக்கட்டுமுங்க. நம்ம முருகன் ஒத்துக்கிட்டாருங்க." அதை நான் மூன்று தரம் போட்டுக் கேட்டேன். மகிழ் ஒரு தரம்தான் கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய், மிச்சம் இருந்த ஒரு சட்டையை எடுத்து வந்தாள். திருப்பூரில் எந்த ஆர்டருக்கும் ஒன்றிரண்டு கூடப் போட்டுத்தான் அனுப்புவார்கள். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அதில் நாட்டை வரைந்தாள். பிதுங்க வேண்டிய இடத்தில் பிதுங்கவிட்டு, தூக்க வேண்டிய இடத்தில் தூக்கிவிட்டு, வேலைத் தொடாமல் சுற்றிலும் பூசினாள்.

"பெரியப்பாவுக்கு" என்றாள், மயில்சாமி அண்ணனைத்தான். "அடுத்த தைப்பூசத்துக்குப் போட்டுட்டு நடக்கட்டும்."

லீவு முடிந்த மறுநாள் ஊரே காபிக்கடையில் இருந்தபோது நாங்கள் தபால் ஆபீஸுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த அம்மா எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றேன். பழக்கதோஷத்தில் அடுத்த சிக்கலுக்கு மனசைத் தயார் செய்துகொண்டேன். அவர் மூன்று எழுத்துத் தட்டினார், திரையில் இந்தியா வந்து நின்றது, அச்சடித்து ஒட்டிவிட்டார். அவ்வளவுதான்.

மகிழ் எட்டிக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க லிஸ்ட்ல நாம இருக்கோம்ப்பா" என்றாள்.

"ஆமாம் கண்ணு" என்றேன். கவுண்டரம்மா பொட்டலத்தை எடுத்துப் பின்னால் இருந்த பைக்குள் போட்டார்.

வெளியே வந்ததும் மகிழ் என் போனை வாங்கிக்கொண்டாள். வாயருகே வைத்து, ஊர்ப் பேச்சைத் தேடித் தேடி எடுத்து, மயில்சாமி அண்ணனுக்கு ஒரு குரல் பதிவு போட்டாள்.

"பெரியப்பா, ஒரு சட்டை அனுப்பியிருக்கறனுங்க. மேப்பு கோணலாத்தான் இருக்கும். நாடு அப்படித்தானுங்க. நீங்க சரி பண்ணிராதீங்க."